நடப்பவர் இல்லாத நகரம்

ராக்போர்ட் என்றொரு நகரம் உண்டு. அங்கே எப்போதும் இலையுதிர் காலம், எப்போதும் பகல். மஞ்சள் வெயில் சாய்ந்தபடியே இருக்கும், ஆனால் இருட்டுவதில்லை. ஒரு பெட்ரோல் பங்க், கூரைமேல் பெரிய டோனட் பொம்மையைத் தாங்கிய பலகாரக் கடை, இரும்புக் கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி, சாரம் கட்டிய கட்டடம் என்று சில இடங்கள் மட்டும் வரைபடத்தில் சிவப்பு முக்கோணங்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். போலீஸ் துரத்தி வரும்போது அவற்றில் ஒன்றை இடித்துக்கொண்டு பாய்ந்தால் நாம் தப்பிவிடுவோம். பின்னால் வருகிறவர்கள்மேல் அது சரிந்து விழும். விழும் கணத்தைக் காமிரா மெதுவாக்கி, நின்று காட்டும். பிறகு வேகம் திரும்பிவிடும்.

‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வாண்டட்’ என்னும் இந்த ஆட்டத்தைக் கனடாவின் வான்கூவரில் இருந்த ஈஏ பிளாக் பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2005 நவம்பரில் வெளியிட்டது. எங்களுக்கு அது பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தருகே, மாடியில் இருந்த ஒரு பிரௌசிங் சென்டர் வழியாக, ஏறத்தாழ ஓராண்டு தாமதித்து வந்து சேர்ந்தது. மணிக்கு இருபது ரூபாய். ஆறு கணினிகளில் இரண்டு மட்டுமே இந்த ஆட்டத்தைத் தாங்கும். அவற்றுக்காகக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் பெரம்பலூர்க்காரர்கள், பாதிப்பேர் அரியலூரிலிருந்து கல்லூரிக்கு வந்துபோனவர்கள். அன்று எங்கள் ஊருக்கு இரயில் இல்லை (இன்றும் இல்லை), அவர்கள் ஊருக்கு நால்வழிச்சாலை இல்லை. இந்த இரண்டையும் வைத்து நாங்கள் ஒருவரையொருவர் ஓயாமல் சீண்டிக்கொள்வோம். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது, 2002-ல் ஒட்டவைக்கப்பட்டது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. உடைவதும் ஒட்டுவதும் எங்களுக்கு ஆட்டத்துக்கு முன்பே பழகிய காரியம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இலக்கியம் பேசும் நண்பர்கள் இந்த வகை ஆட்டத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். வேகம், நாசம், இதில் என்ன இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது என்பதே எங்கள் கட்சி. ‘மோஸ்ட் வாண்டட்’டில் உடைவது மிகக் கொஞ்சம். நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அசையாத சுவர்தான். மோதினால் நம் வண்டிதான் நிற்கும். உடையக்கூடியது எது என்பதை ஓடுகிற ஓட்டத்தில் கண்டுபிடிக்கவேண்டும். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தெருவை வாசிக்கப் பழகவேண்டும். எது தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது, எந்தக் கால் தட்டினால் எந்தக் கூரை சரியும் என்று பார்க்கும் கண் அதில் வாய்க்கிறது. அந்தக் கண் கணினியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அணையாது. மாடிப்படி இறங்கி வந்து பாலக்கரைப் பக்கம் நடக்கையில், பந்தலின் மூங்கில் கால்களையும் கரும்புச்சாறு வண்டியையும் நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

இன்னொன்றும் அதில் உண்டு. உடைத்ததற்கெல்லாம் ஆட்டம் கணக்கு எழுதும். ‘அரசுக்கு ஏற்பட்ட செலவு’ என்ற தலைப்பில் டாலர்த் தொகை ஏறிக்கொண்டே போகும். கறுப்புப் பட்டியலில் உள்ள பதினைந்து பேரில் அடுத்தவனோடு மோதவேண்டுமானால், சில சமயம் இவ்வளவு டாலருக்குச் சேதம் விளைவித்திருக்கவேண்டும் என்பதே தகுதி. நாசத்தைத் தொகையாக்கித் தகுதியாகவும் ஆக்குகிற இந்தக் கணக்கை எழுதியவருக்கு நல்ல அங்கத உணர்வு இருந்திருக்கவேண்டும். எங்கள் பக்கத்துக்கு அது அவ்வளவு புதிதும் அல்ல. கங்கைகொண்டசோழபுரத்துப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த்தான் 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அதற்கும் ஒரு செலவுக் கணக்கு எங்கோ எழுதப்பட்டிருக்கும்.

அதே சென்டரில் ‘ஜிடிஏ: வைஸ் சிட்டி’யும் ஓடிற்று. 2002-ல் வந்த ஆட்டம். அதன் தெருவில் ஆட்கள் நடப்பார்கள், மோதினால் விழுவார்கள், கத்துவார்கள். ஆனால் கட்டடம் இடியாது. விளக்குக் கம்பம் சாயும், அவ்வளவுதான். இரண்டையும் மாறிமாறி ஆடியும் எங்களுக்கு அன்று இந்த வித்தியாசம் தனியாகத் தெரிந்திருக்கவில்லை. ஆள் இருக்கும் ஊரில் சுவர் உடையாது. சுவர் உடையும் ஊரில் ஆள் கிடையாது. ராக்போர்ட்டில் கார்கள் ஓடுகின்றன, லாரிகள் ஓடுகின்றன, சிமெண்ட் கலவை வண்டிகூட ஓடுகிறது (அதைக் கண்ட அன்று அரியலூர் நண்பர்கள் ‘எங்க ஊரு வண்டிடா’ என்று கைதட்டினார்கள்). நடைபாதை இருக்கிறது. நடக்கிறவர் மட்டும் இல்லை.

இது ஒரே ஆட்டத்தின் குணம் அல்ல. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இருந்த கிரைட்டீரியன் நிறுவனத்தின் ‘பர்ன்அவுட்’ வரிசையில், ஒரு நாற்சந்தியில் வண்டியை விட்டு எத்தனை டாலருக்கு விபத்தை உண்டாக்குகிறோம் என்பதே தனி ஆட்டமாக இருந்தது. 2008-ல் வந்த ‘பர்ன்அவுட் பாரடைஸ்’ நகரத்தில் உடைப்பதற்கென்றே 400 வேலிகளும் 120 விளம்பரப் பலகைகளும் வைத்திருந்தார்கள். அங்கே பாதசாரியும் இல்லை; கண்ணாடி வழியே பார்த்தால் காருக்குள் ஓட்டுநரும் இல்லை. பேயோட்டும் ஊர்தான். அந்த வரிசையின் கார்கள் எல்லாம் கற்பனை வண்டிகள். உரிமம் தரும் நிஜ நிறுவனங்கள் தங்கள் கார் அப்பளமாவதைத் திரையில் காட்ட விரும்புவதில்லை என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மாறாக 1997-ல் ‘கார்மகெடன்’ பாதசாரிகளை இடித்தால் புள்ளி என்று வைத்தது. பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் சான்றிதழ் தர மறுத்தார்கள். மனிதர்களைப் பிணப்பேய்களாக்கி, இரத்தத்தைப் பச்சையாக்கிய பிறகே அங்கு அது முதலில் கடைக்கு வந்தது. ஆளை எடுத்துவிடு, அல்லது ஆள் இல்லை என்று காட்டிவிடு. உடைப்பதன் இன்பம் அந்த நிபந்தனையின்மேல்தான் நிற்கிறது.

எங்கள் சாலைகள் அந்த நிபந்தனைக்கு அடங்காதவை. மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் ஒன்று. அறுவடை முடிந்தால் சாலையின் பாதி மஞ்சளாகிவிடும். களம் போதாதவர்கள் தார்ச்சாலையில் காயப்போடுவார்கள். இரு முனையிலும் கல் வைத்து, வேப்பங்கொத்து செருகிவிடுவார்கள். எள்ளும் உளுந்தும் செடியோடு பரப்பப்படும். பஸ் சக்கரம் ஏறினால் மணி உதிரும், அதற்காகவே பரப்புவது. ஒரு பாட்டி கையில் துடைப்பத்தோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். இரு சக்கர வண்டிக்காரன் சறுக்கி விழுந்தால் திட்டுவான், பாட்டியும் திட்டுவார். ஆடுகள், பால் கேன் மாட்டிய சைக்கிள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் எல்லாமே அந்த அகலத்துக்குள்தான். இதைச் சட்டப்படி சரி என்று நாங்கள் வாதாடவில்லை. சாலை என்பது போவதற்கு மட்டுமான இடம் என்ற எண்ணம் எங்கள் ஊர்களுக்குப் பிந்தி வந்தது என்கிறோம்.

அரியலூர்ப் பக்கம் வேறு கதை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் அது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி, அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாகச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் இடையே டிப்பர் லாரிகள் ஓடும். சாலையோரப் புளியமரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கும். மழை பெய்த மறுநாள்தான் அவை பச்சை என்று தெரியும். லாரிக்காரர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால்தான் இந்த ஓட்டம் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு லோடு ஏற்றிச்சென்று இறக்கித் திரும்புவதற்கு ‘நடை’ என்று பெயர். பகலுக்குள் இன்னொரு நடை அடித்துவிடவேண்டும் என்பதற்காக எழுபது எண்பதில் போகிற வாகனத்துக்கு இந்தச் சொல் எப்படி வாய்த்தது என்று வியந்திருக்கிறோம். மாட்டுவண்டிக் காலத்துச் சொல்லாக இருக்கவேண்டும்.

எங்களில் ஒருவனை 2009-ல் அப்படி ஒரு லாரி அடித்தது. அவன் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. டீக்கடை முன்னால், தாரை விட்டுக் கீழே, செம்மண்ணில், வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றிருந்தான். லாரி டீக்கடைத் தட்டியையும் பெஞ்சையும் இழுத்துக்கொண்டு போயிற்று. எந்த ஆலைக்குப் போன லாரி என்பது இங்கே தேவையில்லை. கடைக்காரருக்கு விலா எலும்பு. இவனுக்கு இடது தொடையில் கம்பி. திருச்சியில் ஏழு வாரம். ஊர் மறியல் செய்தது; வட்டாட்சியர் வந்து பேசினார்; வேகத்தடை போட்டார்கள். டீக்கடை இரண்டே நாளில் பழைய இடத்துக்கு நாலடி தள்ளி முளைத்தது.

கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு அவன் சென்டருக்கு வந்தான். மாடிப்படி ஏறுவதற்கு இரண்டு பேர் தோள் கொடுத்தோம். ‘மோஸ்ட் வாண்டட்’ போடவேண்டாம் என்று எங்களுக்குள் பேசிவைத்திருந்தோம். அவனே போடச் சொன்னான். பந்தயம் எதிலும் சேரவில்லை. ஊருக்குள் சும்மா வண்டியை விட்டு, டோனட் கடை முன்னால் நிறுத்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நடந்து போறவன் ஒருத்தன்கூட இல்லடா இந்த ஊர்ல.”

“கேம்தானே மாப்ள.”

“கேம்தான். யாரு வந்து இங்க டோனட் வாங்கித் தின்பான்?”

யாரும் சிரிக்கவில்லை. அவன் கோபமாகவும் சொல்லவில்லை, கண்டுபிடித்ததைச் சொன்னான். அதற்குப் பிறகு நாங்கள் அந்த ஆட்டத்தை விட்டுவிடவில்லை, அவனும் விடவில்லை. எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் முதலில் நடைபாதையைப் பார்க்கும் வழக்கம் மட்டும் எங்களைப் பிடித்துக்கொண்டது.

2010-ல் பிரைட்டன் நகரின் பிளாக் ராக் ஸ்டுடியோ, டிஸ்னிக்காக ‘ஸ்பிளிட்/செகண்ட்’ செய்தது. உடையும் நகரம் என்ற எண்ணத்தை இவ்வளவு தூரம் கொண்டுபோன பந்தய ஆட்டத்தை நாங்கள் வேறு ஆடியதில்லை. வழுக்கித் திருப்பினால், மயிரிழையில் தப்பினால் ஒரு பட்டை நிரம்பும். நிரம்பியதும் ஒரு பொத்தானை அழுத்தினால் விமான நிலையக் கோபுரம் சரியும், அணை உடையும், பாதையே வேறாகிவிடும். பிரமாதமான காட்சி. ஆனால் பத்தாவது முறை அணை உடையும்போது கொட்டாவி வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். எங்கே எது உடையும் என்பதைத் தயாரிப்பாளர் முடிவுசெய்துவிட்டார். நமக்குத் தெருவை வாசிக்கும் வேலை இல்லை. ‘மோஸ்ட் வாண்டட்’டின் ஒற்றைத் தண்ணீர்த் தொட்டி இதைவிட மேல். ஒரு விஷயத்தில் மட்டும் ‘ஸ்பிளிட்/செகண்ட்’ நேர்மையானது. அந்த நகரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, இடிப்பதற்கென்றே போட்ட செட் என்று கதையிலேயே சொல்லிவிடுகிறது. ஆள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. தொடரும் என்ற தோரணையில் அது முடிந்தது. 2011-ல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள்.

அதே 2011-ல் சோனிக்காக எவல்யூஷன் ஸ்டுடியோஸ் செய்த ‘மோட்டார்ஸ்டார்ம்: அபோகலிப்ஸ்’ வரவிருந்தது. நிலநடுக்கத்தில் சரிந்துகொண்டிருக்கும் நகரத்தின் ஊடே பந்தயம். ஊரை விட்டுப் போகாத சிலர் அதில் தெருவில் ஓடுவார்கள். மார்ச் 11 அன்று ஜப்பானில் நிஜமான நிலம் நடுங்கிற்று; கடல் ஏறிவந்தது. பிரிட்டனில் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்; ஜப்பானில் வெளியிடவே இல்லை. அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் எந்தக் குற்றமும் செய்துவிடவில்லை. சரியும் பாலம் பல ஆண்டு உழைப்பு. ஆனால் அந்த மார்ச்சில் அதை யார் முன்னால் வைப்பது?

இதற்குள் எங்கள் ஊர் நெடுஞ்சாலையும் மாறிவிட்டிருந்தது. நாங்கள் 45 என்று அறிந்த தேசிய நெடுஞ்சாலைக்கு இன்று எண் 38. நால்வழியானபோது நடுவே தடுப்பு எழுந்தது, அரளி நட்டார்கள். ரஞ்சன்குடிக் கோட்டை முன்பெல்லாம் பஸ் ஜன்னலில் மெல்லக் கடந்துபோகும். இப்போது திரும்புவதற்குள் போய்விடுகிறது. வலப்பக்கத்துக் காட்டுக்கு இடப்பக்கத்து வீட்டிலிருந்து போகிறவர் ஒரு கிலோமீட்டர் சுற்றவேண்டும், அல்லது தடுப்பைத் தாண்டவேண்டும். தாண்டுகிறார்கள். தலையில் புல்லுக்கட்டோடு அரளிச் செடிகளுக்கு நடுவில் நின்று, வருகிற காரின் வேகத்தைக் கண்ணாலே அளந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கும் பெண்களைப் பார்க்கும்போது, ஒரு தெருவை வாசிப்பது பற்றி நாங்கள் மேலே எழுதியதெல்லாம் சிறுபிள்ளைப் பேச்சாகத்தான் தெரிகிறது.

சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை. நண்பனின் காலில் இருந்த கம்பியை எடுத்துவிட்டார்கள். மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறான். பேரளிப் பக்கம் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறான். போன தை மாதம் நாங்கள் போனபோது சாலையில் பாதியை அடைத்துப் பரப்பியிருந்தான். முனையில் கல் வைத்து வேப்பங்கொத்து செருகியிருந்தது. இடுப்பில் கைவைத்து நின்றவன், எங்கள் கார் சோளத்தில் ஏறாமல் வளைத்துப்போகும்படி கையைக் காட்டினான். பின்னால் ஒரு டிப்பர் ஹாரன் அடித்தது. அதற்கும் அதே கையைக் காட்டினான்.