இன்று கட்டும் வரி

2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். புதிய வேலையில் சேர்ந்து அவளுக்குப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஓய்வுக்காலச் சேமிப்புப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உள்ளனவாம். ஒன்று 'மரபுவழி', மற்றொன்று 'ராத்'. "எதில் குறியிடுவது, அப்பா?" என்று வினவினாள்.

பேராக் மாநிலத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகள் கிராணியாகப் பேரேடு எழுதியவன் நான். ஆயினும் இத்தகைய வினா எனக்கு ஒருபோதும் எழுந்ததில்லை. 1951இல் தோன்றிய நம் ஊழியர் சேமநிதியில் சந்தாவுக்கு ஒரு வரம்புவரை வரிச்சலுகை உண்டு. இலாப ஈவுக்கும் வரியில்லை. முதுமையில் பணத்தை மீட்கும்போதும் வரியில்லை. அமெரிக்கரோ ஏதேனும் ஒரு வாசலில் வரியைக் கட்டியே ஆகவேண்டும். எந்த வாசலில் என்பதே அந்தப் படிவத்தின் கேள்வி.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த 401(கே) பிரிவே அங்கு மரபுவழி. சம்பளத்திலிருந்து வரிக்கு முன்னரே பணம் பிடிக்கப்படும். பின்னாளில் எடுக்கும்போது வரி. ராத் என்பது டெலவேர் மாநிலச் செனட்டர் வில்லியம் ராத் அவர்களின் பெயரால் அமைந்தது. தொழிலிடத் திட்டங்களில் 2006 முதல் இடம்பெற்றது. இதில் வரியை இன்றே கட்டிவிட்டுச் சேமிக்கவேண்டும். கணக்குத் தொடங்கி ஐந்தாண்டும், வயது ஐம்பத்தொன்பதரையும் கடந்தபின் எடுத்தால், முதலுக்கும் வரியில்லை, வளர்ச்சிக்கும் வரியில்லை.

"வளர்ந்த பணம் முழுதும் நம்முடையதென்றால் ராத்தே இலாபம்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பின்னர்த் தாளை எடுத்துக் கணக்கிட்டபோது வெட்கமாயிற்று. 1000 டாலரில் 24 விழுக்காடு வரி போனால் மீதம் 760. அது நான்கு மடங்கானால் 3040. வரி கட்டாத 1000, நான்கு மடங்காகி 4000 ஆகும். அதில் 24 விழுக்காடு போனால் மீதம் அதே 3040! பெருக்கலில் எதை முன்னே வைத்தாலும் விடை மாறாது என்பதை நான்காம் வகுப்பிலேயே படித்தவனன்றோ நான்? வரி விகிதம் மாறினால்தான் வேறுபாடு. முதுமையில் விகிதம் குறையுமெனில் மரபுவழி நன்று. கூடுமெனில் ராத் நன்று. ஆண்டு உச்சவரம்பு இரண்டுக்கும் ஒன்றே. 2025இல் அது 23,500 டாலர். வரம்பு முழுவதையும் சேமிக்க வல்லவருக்கு ராத் சற்றுக் கூடுதலாகவே அடக்கிக்கொள்ளும். என் மகளுக்கு அவ்வளவு இயலாது. சான் ஓசேயின் வீட்டு வாடகை அப்படி.

இன்னொன்றும் இருந்தது. கலிஃபோர்னியா தன் பங்குக்குத் தனியே வருமான வரி வாங்கும் மாநிலம். ஆனால் ஓய்வுபெற்று வேறிடத்தில் குடியிருப்பவரின் ஓய்வூதியத்தில் பழைய மாநிலம் கைவைக்கலாகாது என்று 1996இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. ஆகவே அம்மாநிலத்தை விட்டு ஒருநாள் புறப்படப் போகிறவருக்கு, மரபுவழியில் மாநில வரி மிச்சம். கூட்டரசு வரி மட்டும் பின்தொடரும்.

இதை விளக்கும்போது என் குரல் தடுமாறியது. ஐந்தாண்டாக நானும் அவள் தாயாரும் கேட்கத் துணியாத கேள்வியை அந்தப் படிவமே கேட்டுவிட்டது. "நீ எங்கே முதுமை எய்தப் போகிறாய் என்பதைப் பொறுத்ததம்மா" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து அழைத்தாள். "மரபுவழியில் குறியிட்டுவிட்டேன், அப்பா."

அப்படியானால் கலிஃபோர்னியாவில் நிலைத்துவிடப் போவதில்லை! அடுக்களையிலிருந்த மனைவியைக் கைகாட்டி அழைத்தேன். ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"டெக்சாசுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். அங்கே மாநில வருமான வரியே இல்லையாம். வீடும் வாங்கலாம்" என்றாள் மகள்.

"நல்லது அம்மா, சரியான கணக்குத்தான்" என்று சொல்லித் தொலைபேசியை மனைவியிடம் நீட்டினேன்.