புல்லைத் தேடிப் போகிறவர்கள்

"படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்!"

எங்கள் பகுதிப் பாடசாலைகளில் கரும்பலகையை விட வயது கூடியது இந்த வசனம். மாணவனாக இருந்த காலத்தில் எனக்கும் சொல்லப்பட்டது. ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியலும் கற்பித்தல் முறையும் படித்து வெளியேறி, இருபது வருடத்தை எட்டும் இன்றைக்கும் ஆசிரியர் ஓய்வறைகளில் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் படிப்பிக்கும் சொறிக்கல்முனையைச் சுற்றிவர வயல். வயலுக்கு அப்பால் மேற்கே மாட்டுப் பட்டிகள். பட்டிக்காரரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் காதில் இந்த வசனம் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். அது அவர்களுடைய வாப்பாவின், அப்பாவின் தொழிலுக்கு நாம் போடும் குறிசூடு.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நண்பர் ஒருவரோடு மோட்டார் சைக்கிளில் லஹுகல போனேன். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில். அங்கிருந்து மொனராகலைப் பக்கம் மேற்கே திரும்பினால் சிறிது நேரத்தில் லஹுகல. கல்முனைக்குள்ளால் ஓடும் அதே ஏ-4 வீதிதான் அது. கொழும்புப் பிள்ளைகள் யானை பார்க்க யாலவுக்கும் மின்னேரியாவுக்கும் போகிறார்கள். எங்கள் மாவட்டப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டு வீதியிலேயே ஒரு தேசியப் பூங்கா இருப்பது தெரியும்?

லஹுகல - கித்துலான 1966இல் சரணாலயமாக்கப்பட்டு, 1980 ஒக்டோபர் 31இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அளவில் சிறியதானாலும் இருக்கிற இடம் முக்கியமானது. வடக்கே கல்லோயாக் காட்டுக்கும் தெற்கே குமனவுக்கும் நடுவில், யானைகள் போய்வரும் பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை போல அமைந்திருக்கிறது. லஹுகல, கித்துலான, செங்கமுவ என்று மூன்று குளங்கள். வெயில் காலத்தில் நீர் வற்ற வற்றக் குளத்தின் வயிற்றில் ஆளுயரத்துக்குப் புல் எழும்பும். சிங்களத்தில் 'பேரு' என்கிறார்கள். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும் நேரத்தில் இந்தக் குளங்கள் மட்டும் பச்சையாய் இருக்கும். யானைகள் வருவது இதற்காகத்தான்.

பின்னேரம் நாங்கள் வீதியோரமாக நின்று பார்த்தபோது பதினெட்டு வரை எண்ணினோம். அதற்கு மேல் புல்லுக்குள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. தும்பிக்கையால் ஒரு பிடி புல்லைச் சுருட்டிப் பிடுங்கி, வேர் மண் போகக் காலில் அடித்துத் தட்டி, அதன் பிறகே வாயில் வைக்கிறது யானை. கன்றுகள் அதைப் பார்த்துப் பழகுகின்றன. தட்டத் தெரியாத ஒரு குட்டி புல்லைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டது. அதுவும் ஒரு வகுப்பறைதான்.

திரும்பும் வழியில், பூங்கா எல்லைக்கு வெளியே பட்டி சாய்த்துக்கொண்டு வந்த ஒரு காக்காவைச் சந்தித்தோம். அறுபதைத் தாண்டியிருப்பார். எருமைகளும் நாகுகளும் நாம்பன்களுமாய்ப் பெரிய பட்டி. நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் சாரனை இறக்கிவிட்டுக் கொண்டார்.

"ஆனைக்கும் எங்களுக்கும் ஒரே கலண்டர்தான் சேர்" என்றார். "மழ வந்தா வெள்ளாம தொடங்கிரும். கூட்டம் வெச்சி, இந்தத் தேதிக்குள்ள மாட்ட வெளியேத்து என்பாங்க. நாங்க காட்டோரம் போவோம். அதே மழையில கொளம் நிரம்பிப் புல்லு மூழ்கிரும். ஆனையும் காட்டுக்குத்தான் போகும். ரெண்டு பேரும் அங்கதான் சந்திக்கிற."

"பயமில்லையா காக்கா?"

"ஆன தெரிஞ்ச ஆள் சேர். வேலிதான் தெரியாத ஆள். போன வருசம் மேஞ்ச இடத்துல இந்த வருசம் வேலி இரிக்கி."

காட்டோரத்தின் வரலாறு முழுதும் அந்த வேலியில் இருக்கிறது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. குடியேற்றங்கள் வந்தன, ஹிங்குராணையில் கரும்பு வந்தது, நெல் வயல் மேற்கே மேற்கே நகர்ந்தது. குளத்தின் நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா பிரகடனமானது. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஆனால் வயல் ஒரு பக்கமும் பூங்கா மறுபக்கமுமாய் நெருங்கியபோது, நடுவில் புல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்பு மாடு போகக்கூடாது. வெளியே வந்தால் வேளாண்மைக்காரரோடு வழக்கு. வட்டமடு மேய்ச்சல் தரைச் சண்டை நமக்குத் தெரியாததல்ல. அதை முஸ்லிம் - தமிழர் பிரச்சினையாகப் பேசுவது அரசியல்வாதிகளுக்கு வசதி. கிட்டப் போய்ப் பார்த்தால் அது நெல்லுக்கும் புல்லுக்கும் இடையிலான தகராறு. இரண்டு பக்கமும் நிற்பவர் ஏழைகள்.

ஹங்கேரி நாட்டில் ஹோர்த்தோபாகி என்றொரு புல்வெளி இருக்கிறது. 1973இல் அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவானது. ஏறத்தாழ 80,000 ஹெக்டேயர். எங்கள் லஹுகலவைப் போல ஐம்பது மடங்கு. 1999இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக்கியபோது கொக்குக்கும் நாரைக்கும் மட்டுமாக ஆக்கவில்லை. மந்தையும் மேய்ப்பனும் சேர்ந்து உருவாக்கிய நிலக்காட்சி என்று அங்கீகரித்தது. நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடு, முறுக்குக் கொம்புச் செம்மறி, மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் துலாக் கிணறு எல்லாம் அங்கே பூங்காவின் பகுதிகள். அந்தத் துலாவின் படத்தைப் பார்த்தால் நம் தோட்டத்துத் துலா என்றே சொல்வீர்கள். மாடு மேய்ப்பவனுக்கு அவர்கள் மொழியில் 'குயாஷ்' என்று பெயர். அவன் வெளியிலே பானையில் காய்ச்சிய இறைச்சிக் குழம்புதான் இன்று உலகமெல்லாம் அதே பெயரில் ஹோட்டல்களில் விற்கப்படுகிறது.

அங்கேயும் எல்லாம் தூய பாரம்பரியமல்ல. ஒருவன் இரண்டு குதிரைகளின் முதுகில் நின்றபடி ஐந்து குதிரைகளைச் செலுத்தும் வித்தை, ஓர் ஆஸ்திரிய ஓவியர் கற்பனையாய் வரைந்த படத்தைப் பார்த்து 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சுற்றுலாக்காரர் கைதட்டுகிறார்கள். ஆனால் காட்சி முடிந்த பிறகும் மாடுகள் மேய்கின்றன. அந்த மேய்ச்சலால்தான் புல்வெளி புதர்க்காடாகாமல் இருக்கிறது.

இதனை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1,554 ஹெக்டேயரில் யானைக்கே போதாத புல்லை மாட்டோடு பங்குபோடச் சொல்வது நீதியல்ல. மாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும் ஆபத்தும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. பூங்காவுக்கு எல்லைக்கல் போட்ட அதே அரசு, மேய்ச்சல் தரைக்கும் அளந்து எல்லைக்கல் போட வேண்டும். புல் நிலம் 'சும்மா கிடக்கும்' நிலமல்ல. சட்டித் தயிர் அங்கேதான் தொடங்குகிறது.

புல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி ஹங்கேரிக்குப் போகத் தேவையில்லை. நம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் குப்பை நம் கரையோர ஊர்களின் குப்பை. 2019ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 405 யானைகளும் 121 மனிதர்களும் இந்த மோதலில் மாண்டார்கள். அந்த 121 பேரும் யாரோ ஒருவரின் வாப்பா, மகன், உம்மா.

நபிமார்கள் ஆடு மேய்த்தவர்கள் என்று பள்ளிவாசல் திண்ணையில் பெருமையோடு சொல்கிறோம். பட்டிக்காரன் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். அவருடைய தயிருக்கு மட்டும் கல்யாண வீட்டில் முதலிடம்.

என் வகுப்பில் ஒரு பையன். ஒக்டோபர் தொடங்கினால் வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடுகள் நீளும். தகப்பனோடு பட்டிக்குப் போய்விடுவான். பாடசாலைக்கு வராத நாளை நான் நியாயப்படுத்தவில்லை. படிப்பு அவனுக்கும் வேண்டும். ஆனால் திரும்பி வந்தவனிடம் "எந்தக் குறி எந்தக் குடும்பத்துடையது?" என்று கேட்டேன். கரும்பலகையில் பதினொரு குறிகளை வரைந்தான். சில தமிழ் எழுத்து, சில ஆங்கில எழுத்து, ஒன்று பிறை, ஒன்று சூலம். எது எந்த ஊர், எந்தப் பட்டி, எந்தப் பக்கத் தொடையில் சுடுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வகுப்பு வாய் திறவாமல் கேட்டது.

அன்றைய சுற்றாடல் பாடத்தை அவனே நடத்தி முடித்தான். பாடக்குறிப்பேட்டில் 'மேய்ச்சல்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.