கணக்கிற் குறைந்த வாயு

யாம் பௌதிகம் பயின்ற காலத்தில், ஆய்வுக்கூடத்தின் இருப்புப் புத்தகத்தை எழுதும் பொறுப்பு ஓராண்டு எம்பால் ஒப்புவிக்கப்பட்டது. ஆண்டிறுதியில் நிறுத்துப் பார்க்கையில் பாதரசம் குறைந்திருந்தது. எவரும் களவாடினாரில்லை, சிந்திய துளிகள் மேசையின் வெடிப்புக்களிலும் தரையின் இடுக்குக்களிலும் புகுந்து ஒளிந்திருந்தன. கண்டெடுத்தது பாதியே. மீதிக்கு என்ன எழுதுவதென்று அறியாமல் ஆசிரியர் முன் தலைகுனிந்து நின்றோம்.

அந்த நாணம் இன்னும் மறையாமையினாற் போலும், இங்கிலாந்தில் கல்ஹம் என்னுமிடத்திலிருந்த ஜெட் என்னும் அணுச்சேர்க்கை யந்திரத்தின் வரலாற்றைப் படிக்குங்கால், அதன் வெற்றிகளினும் அங்கு நேர்ந்த ஓர் இருப்புக்குறைவே எம் மனத்தைப் பற்றிக்கொண்டது.

வளையம் போன்ற அப்பாத்திரத்தினுள் டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இருவகை ஹைட்ரஜனை 10 கோடி பாகைக்கு மேற் காய்ச்சி, காந்த விசையால் அந்தரத்தில் நிறுத்துவர். அக்கனல் சுவரைத் தீண்டுவதேயில்லை என்று நெடுநாள் நம்பியிருந்தோம். பாடப்படங்கள் அவ்வாறே காட்டின. உண்மை அதுவன்று. விளிம்பினின்று கசியும் துகள்கள் ஓயாது சுவரில் மோதி அதன் அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. அக்காலத்துச் சுவர் கரியினாலாகிய ஓடுகளால் வேயப்பட்டிருந்தது. கரி உருகாது, சிறிதளவு கனலிற் கலப்பினும் அதை மிகுதியாகக் குளிர்விக்காது. ஆயினும் கரிக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. பெயர்ந்த கரி எரிபொருளையும் உடன்கூட்டிச் சென்று, குளிர்ந்த மறைவிடங்களில் அடுப்பங்கரைப் புகையொட்டடைபோற் படிந்துவிட்டது. 1997-ம் ஆண்டுச் சோதனைகளில் உட்செலுத்திய டிரிட்டியம் சுமார் 35 கிராம். அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உள்ளேயே தங்கிற்று. பின்னர்ச் சுத்தம் செய்தும் 6 கிராம் அளவு வெளிவரவில்லை.

ஆறு கிராம் ஒரு பொருட்டோ எனலாம். 2023-ல் அதே யந்திரம் 69 மெகாஜூல் சக்தியை வெளியிட்ட சோதனையில் எரிந்த எரிபொருள் 0.2 மில்லிகிராமே! உண்டதினும் பன்மடங்கு ஒட்டடையில் ஒளியுமாயின் உலை நடப்பதெங்ஙனம்? டிரிட்டியமோ கதிர்வீசும் பொருள், 12.3 ஆண்டில் தானே பாதியாய்த் தேய்வது. உலகிற் கிடைப்பதும் சொற்பம். பிரான்ஸ் தேசத்தில் எழும்பிவரும் ஈட்டர் உலையின் பாத்திரத்தில் 700 கிராமுக்கு மேல் அது தங்கலாகாதென வரம்பு வகுத்தனர். வரம்பை எட்டினால் வேலையை நிறுத்திச் சுத்தம் செய்யவேண்டியதே.

ஆதலின் ஜெட்டின் கரி ஓடுகளைக் களைந்து, சுவருக்குப் பெரிலியமும் அடித்தளத்திற்கு டங்ஸ்டனும் பதித்து, 2011-ல் மீண்டும் இயக்கினர். தங்கும் எரிபொருள் பத்திலொரு பங்கிற்குங் கீழே இறங்கிற்று. ஆனால் துன்பம் தொலைந்ததன்று, உருமாறிற்று. டங்ஸ்டன் 3,422 பாகையில்தான் உருகுமெனினும், அதன் அணுக்கள் மிகச் சிலவே நடுக்கனலை அடைந்தாலும் வெப்பத்தை ஒளியாய் இறைத்து அதை அணைத்துவிடும். பெரிலியமோ தேய்ந்து நச்சுத் தூளாகும். ஈட்டரார் 2023-ல் பெரிலியத்தைக் கைவிட்டு, முதற்சுவரையும் டங்ஸ்டனாலேயே அமைக்கத் துணிந்தனர். தேயும் பொருளை அஞ்சி, தேய்ந்தால் மன்னிக்காத பொருளைத் தேர்ந்தனரோ என்று எமக்குச் சிறிது ஐயமுண்டு.

ஜெட் 2023-ம் ஆண்டு டிசம்பரில் ஓய்ந்தது. அதன் ஓடுகளைக் கழற்றி, எங்கே எவ்வளவு ஒளிந்திருக்கிறதென்று துருவிப் பார்க்கும் பணி அதன்பின் தொடங்கிற்று. அவர்களுடைய இருப்புப் புத்தகத்தை ஒருமுறை காண விரும்புகின்றோம்.