நகாதாவில் ஒரு வாக்குவாதம்

கோபேக்கு வருகிறவர்கள் மலைச்சரிவில் இருக்கும் பழைய வெளிநாட்டுக்காரர் பங்களாக்களைப் பார்ப்பார்கள், துறைமுகத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். மேற்கே நகாதா வட்டாரத்துக்கு யாரும் மெனக்கெட்டுப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் என் சித்தி மகள்தான், "நல்ல சாப்பாடுன்னா நகாதாதான் அக்கா" என்று அழைத்துப் போனாள்.

கடை சின்னது. நீளமான இரும்புக் கல்லைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காரலாம். கல்லுக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சோற்றையும் நூடுல்ஸையும் கல்லில் கொட்டி, இரண்டு தகடுகளால் அவர் கொத்த ஆரம்பித்ததும் மதுரைக் கொத்து பரோட்டாக் கடைக்கு வந்துவிட்டதுபோல் எனக்குக் காது குளிர்ந்தது. சோபாமேஷி என்று பெயர். இந்தப் பகுதியில் செருப்பு, ஷூ செய்யும் பட்டறைகள் அதிகம். அங்கே வேலை செய்தவர்கள் ஆறிப்போன மதியச் சோற்றைக் கொண்டுவந்து, "நூடுல்ஸோடு சேர்த்துச் சூடாக்கிக் கொடுங்கள்" என்று கேட்டதில் பிறந்த சாப்பாடு என்கிறார்கள். மாட்டிறைச்சி இல்லாமல் எனக்குத் தனியாகச் செய்து கொடுத்தார். கருகிய சாஸ் வாசனையோடு முதல் வாய் வைத்தேன். அப்போதுதான் சண்டை தொடங்கியது.

எனக்குப் பக்கத்தில் முப்பதைத் தாண்டிய ஓர் ஆள், வாடிக்கையாளர். புதிதாக வாங்கிய ஒன்றைப் பெருமையோடு எடுத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தார். மடக்குக் கத்தி, இடுக்கி, திருப்புளி எல்லாம் ஒன்றாக இருக்கும் கைக்கருவி. கூடவே விரல் அளவு டார்ச், அவிழ்த்தால் கயிறாகும் கைப்பட்டை. ஆபத்துக்கு உதவும், எப்போதும் உடம்போடு இருக்கும் என்றார். அந்த அம்மா தகடுகளைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தங்கை என் காதில் சொன்னாள்: "இதுல விசில் எங்கேன்னு கேக்கறாங்க."

போனிலேயே சைரன் இருக்கிறது என்றார் அவர். போன் கையில் இருக்கும் என்று யார் சொன்னது என்றார் அம்மா. கத்தி எதற்கு என்று அடுத்த கேள்வி. கயிறு அறுக்க, துணி கிழிக்க. "நிலநடுக்கம் வந்த அன்னைக்கு எங்க தெருவுல யாரும் கயிறு அறுக்கலை. உத்தரத்தைத் தூக்கினோம். காரோட ஜாக்கி வச்சுத் தூக்கினோம்." குரல் உயர்ந்தது. தக்க காரணமில்லாமல் கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அது உண்மைதான். ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிய கத்தியைக் காரணமின்றி எடுத்துச் செல்வது ஜப்பானில் குற்றம். அதைவிடச் சின்னதை மறைத்து வைத்திருந்தாலும் சிறு குற்றச் சட்டத்தின்கீழ் விசாரிப்பார்கள்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. சாப்பிடும் இடத்தில் சாவைப் பற்றிய பேச்சு. எங்கள் வீட்டில் இப்படிப் பேசினால், "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று என் அம்மா அதட்டுவார். கெட்டதை நினைத்து ஏற்பாடு செய்வது கெட்டதைக் கூப்பிடுவது என்று நம்பி வளர்ந்தவள் நான். எழுந்து போய்விடலாமா என்று தங்கையைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்கார அம்மா தன் மேலங்கிப் பையிலிருந்து உள்ளங்கை அளவுத் துணிப்பை ஒன்றை எடுத்து, ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். முதலில் விசில். 1995 ஜனவரி 17, விடியற்காலை 5:46. இருட்டு, குளிர். அவர் மாடியில் படுத்திருந்த வீடு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்கிறது. கத்துகிறார். வாயெல்லாம் சுவர் மண். கொஞ்ச நேரத்தில் குரல் போய்விட்டது. கைக்கு எட்டிய ஒரு பாத்திர மூடியால் தட்டித் தட்டி, கடைசியில் எதிர்க் காய்கறிக் கடைக்காரர் காதில் விழுந்திருக்கிறது. அவரும் மூன்று பேரும் சேர்ந்து இழுத்தெடுத்தார்கள். விசிலை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே உருண்டை இல்லாத வகை. உருண்டை இருந்தால் தூசியிலும் எச்சிலிலும் சிக்கிக்கொள்ளுமாம்.

அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்குள்ளேயே நசுங்கியும் மூச்சுமுட்டியும் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு வந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்களை வெளியே எடுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான் என்று பிறகு வந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. தீயணைப்பு வண்டிகள் வரத் தெரு இல்லை, வந்த இடத்தில் குழாயில் தண்ணீர் இல்லை. நகாதாவில் பல தெருக்கள் எரிந்தன. விசில் ஏன் முதலில் வந்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வருவார் என்ற நம்பிக்கையில் எடுத்து வைக்கும் பொருள் அது. அவருக்குத் தேவையானது நாம் எங்கே இருக்கிறோம் என்ற தகவல் ஒன்றுதான்.

அடுத்து ஒரு பழைய கண்ணாடி. அன்றைக்கு இவருடையது உடைந்து, பல நாள் பாதி குருடாக அலைந்தாராம். அதற்கடுத்து, தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி போட்ட கழிப்பறைப் பைகள் இரண்டு. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திப் பெண்களைப் பார்த்துப் பேசினார். முகாமில் கழிப்பறை நிறைந்து வழிந்ததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள், அதனால் வந்த நோயில் விழுந்தார்கள். சின்ன பிளாஸ்டிக் உறைச்சுருள் ஒன்று: தட்டில் விரித்து அதன்மேல் சாப்பிட்டால் கழுவத் தண்ணீர் வேண்டாம், காயத்தையும் சுற்றலாம். பத்து யென் நாணயங்கள் சில: மின்சாரம் போனதும் கார்டு போன் செத்துவிட்டது, நாணயம் போட்ட பொதுத் தொலைபேசிகளிலும் பெட்டி நிறைந்து நின்றுபோனது, ஆனாலும் அன்று ஒரு நாணயம் இருந்திருந்தால் மகனிடம் ஒரு வார்த்தை பேசியிருப்பேன் என்றார். இன்று பேரிடரின்போது பொதுத் தொலைபேசிகளைக் கட்டணமின்றித் திறந்துவிடுகிறார்கள். 171 என்ற எண்ணில் குடும்பத்துக்குக் குரல் பதிவு விட்டுவைக்கும் வசதியும் அந்த நிலநடுக்கத்தின் பாடத்திலிருந்து 1998இல் வந்தது. எண்ணை மறக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கருவிக்காரர் இதுவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அவரும் பேசினார், நான் எதிர்பார்க்காத தெளிவோடு. 2011 மார்ச் 11 அன்று அவர் டோக்கியோவில் மாணவர். ரயில் எல்லாம் நின்றது. தலைநகர்ப் பகுதியில் அன்று வீடு திரும்ப முடியாதவர்கள் சுமார் 51 லட்சம் பேர் என்று அரசு மதிப்பிட்டது. அவர் விடிய விடிய நடந்தார். குதிகால் செருப்போடு அழுதுகொண்டே நடந்த பெண்களைப் பார்த்தார். அவருக்கு எந்தச் சுவரும் இடிந்து விழவில்லை. போன் செத்தது, திசை தெரியவில்லை, கால் கொப்பளித்தது. "எனக்கு விசில் அன்னைக்கு ஒண்ணும் செஞ்சிருக்காது. பவர் பேங்க், நடக்கற ஷூ, ஒரு வரைபடம், இது மூணும்தான் என்னைக் காப்பாத்தியிருக்கும்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. கல்லில் இருந்ததைப் புரட்டிவிட்டு, "அது உன்னோட ஆபத்து. அதுக்கு உன்னோட பை" என்றார். வாக்குவாதம் அங்கே முடிந்தது. இருவரும் ஒத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று: தொடர்பு எண்கள், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள் எழுதி மடித்த ஒரு காகிதம். இருவர் பையிலும் இருந்தது. அம்மாவின் காகிதத்தோடு மருந்துச் சீட்டின் நகலும் இருந்தது.

அந்த நகலைப் பார்த்ததும் எனக்கு முடிச்சூர் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு பெருகிப் பெரியம்மா வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது. ரத்த அழுத்த மாத்திரை கீழ் அலமாரியில். சீட்டின் படம் போனில், போனில் உயிரில்லை. மொட்டை மாடிக்குப் படகில் வந்த இளைஞர்கள், "என்ன மாத்திரைம்மா, வாங்கிட்டு வரோம்" என்று கேட்டார்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும்பா" என்றார் பெரியம்மா. உதவ ஆள் இருந்தும், படகு இருந்தும், ஒரு பெயர் எழுதிய துண்டுக் காகிதம் இல்லாததால் அன்று உதவி நின்றது. அந்தக் கோபம் எனக்கு இத்தனை வருடம் கழித்து, இன்னொரு நாட்டில், ஒரு சூடான கல்லின் முன்னால் வந்தது. கெட்டதைப் பேசாதே என்று வளர்த்த பழக்கத்தின் மேல் வந்தது.

எந்த ஊர் என்று அம்மா கேட்டார். தங்கை சொன்னதும் அவர் முகம் மாறியது. "சுனாமி வந்த கரையா?" ஆழிப்பேரலை நம் கடலோரத்தை அடித்துப்போட்டு ஒரு மாதம்கூட ஆகாத 2005 ஜனவரியில், கோபேயில்தான் ஐ.நா.வின் பேரிடர்க் குறைப்பு மாநாடு நடந்தது. ஹியோகோ செயல்திட்டம் என்று 168 நாடுகள் அங்கே ஏற்றுக்கொண்ட ஆவணம் அதன்பின் பத்தாண்டுகளுக்கு வழிகாட்டியது. அந்த வாரம் தொலைக்காட்சியில் நம் கரையைப் பார்த்தபடியே இருந்ததாகச் சொன்னார். நாகப்பட்டினம் என்ற பெயரை அவர் நாக்கு சரியாகவே உச்சரித்தது. நான் சோற்றை மீதம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அன்று மாலை நூறு யென் கடையில் ஒரு முழு அலமாரி இந்தப் பொருள்கள்தான். எல்லாவற்றையும் அள்ளத் தோன்றியது. அலுமினியப் போர்வையை எடுத்தேன். "சென்னை வெயிலுக்கு இது எதுக்கு அக்கா?" என்றாள் தங்கை. நியாயமான கேள்வி, அதைத் திருப்பி வைத்தேன். அந்த ஒரு கேள்வியை வைத்தே மிச்சத்தையும் சலித்தோம். எங்கள் ஆபத்து தண்ணீர், புயல், நாள்கணக்கில் மின்வெட்டு, வண்டி நின்றுபோன சாலை, கூட்ட நெரிசல். ஆகவே நனையாத ஜிப் உறை வேண்டும், விசில் வேண்டும், சின்ன டார்ச் வேண்டும், கழிப்பறைப் பை நிச்சயம் வேண்டும். கத்தி வேண்டாம், விமானத்திலும் மெட்ரோவிலும் பறித்துக்கொள்வார்கள். பறிகொடுக்கக்கூடிய பொருளை நம்பித் திட்டம் போட முடியாது.

சாப்பாட்டுக் கடையிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா சொன்ன இன்னொன்றும் அளவுகோலாக இருந்தது. தினமும் தூக்காத பொருள் வீட்டில்தான் இருக்கும், ஆபத்து வரும்போது நீ வீட்டில் இருப்பாய் என்று எவரும் எழுதித் தரவில்லை. அதனால் அவர் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்: உடம்போடு இருப்பது உள்ளங்கை அளவு, கட்டிலுக்கு அருகில் செருப்பும் விளக்கும், வீட்டில் மூன்று நாள் தண்ணீரும் அரிசியும். நிலநடுக்கத்துக்குப் பிறகு தரையெல்லாம் கண்ணாடித் துண்டு, அதில் வெறுங்காலோடு இறங்கி நடக்க முடியாமல் போனவர்கள் பலர். மேலங்கிப் பையில் அடங்காததை உடம்போடு வைப்பதில்லை என்பது அவர் கட்டுப்பாடு. கனத்தால் ஒரு நாள் விட்டுவைத்தால் மறுநாளும் விட்டுவைப்போம்.

சென்னை திரும்பியதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு என் அம்மாவோடு உட்கார்ந்து என் பையைச் சேர்த்தேன். அவர் வழக்கம்போல் முகத்தைச் சுளித்தார். பெரியம்மாவின் வெள்ளை மாத்திரையைச் சொன்னேன். அதற்குப் பிறகு எதிர்ப்பு இல்லை. உறைக்குள் போனவை: விசில், டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, என் மாத்திரைகள் மூன்று நாளைக்கு, சீட்டின் நகல், ஆதார் நகல், கழிப்பறைப் பை, நாப்கின், நூறும் ஐம்பதுமாகப் பணம். 2015இல் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. இன்று டீக்கடையிலும் போனில்தான் கொடுக்கிறோம், செல்போன் கோபுரம் விழுந்தால் அத்தனையும் நிற்கும். பவர் பேங்க் உறைக்கு வெளியே, கைப்பையிலேயே. காகிதத்தில் 112, 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077.

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "மாடி வீட்டம்மாவோட பையன் நம்பர் எங்கே? அந்தப் பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும், நீச்சலும் தெரியும்" என்றார். எழுதினேன். பிறகு அவரே பேனாவை வாங்கி, கீழ்வீட்டுத் தனிமைப் பெரியவரின் பெயரைச் சேர்த்தார், அவரை நாம் போய்ப் பார்க்கவேண்டும் என்று.

ஆபத்துக்கான பையை எடுத்துவைக்கப் போகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது அதுதான். பொருள் பட்டியலில் தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் எது வந்தது, உங்களைத் தேடி யார் வருவார்கள், நீங்கள் யாரைத் தேடிப் போகவேண்டும் என்ற மூன்று கேள்விகளில் தொடங்குங்கள். விடைகள் கிடைத்துவிட்டால் பொருள்கள் தாமாகத் தெரியவரும், அவை உள்ளங்கைக்குள் அடங்கும். இந்த மழைக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். நல்லதை நினைப்பவர்கள் செய்யவேண்டிய வேலை அது.