மகளைக் கேட்டு நீதிமன்றம் சென்ற நாட்கள்



இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதங்கள் தயங்கினேன். குடும்ப விவகாரத்தை வெளியில் பேசுவது நம்மிடம் வழக்கமில்லை. பேசினாலும் எதிர்த் தரப்பின் குற்றத்தைத்தான் பேசுவோம். என் மகளின் தாயைப் பற்றி நான் இங்கே குறை எதுவும் சொல்லப்போவதில்லை. அவர் பக்கத்தில் சொல்வதற்கு நிறைய இருக்கும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அண்மையில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் மணமுறிவுக்குப் பின் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை சட்டப்படி அத்தாவுக்குத்தானே?" 2019இல் நானும் இதே கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஒரு வழக்கறிஞரின் அலுவலகப் படிகளில் ஏறினேன். அதனால் எழுதுகிறேன்.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். மணம் முடித்தது கடற்கரை ஊர் ஒன்றில். நான்காண்டு மணவாழ்க்கை குலாவில் முடிந்தபோது மகளுக்கு மூன்று வயது. இரண்டு ஊர் ஜமாஅத்தாரும் உட்கார்ந்து பேசி மஹர், நகை, சீர்ப் பொருள்கள் யாவற்றையும் கிராம் கணக்கில் எழுதினார்கள். பாத்திரங்களுக்குக்கூடப் பட்டியல் இருந்தது. மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: பிள்ளை தாயிடம் இருக்கும், தகப்பன் வந்து பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் வீட்டில், பெருநாளில் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் வந்த துன்பம் முழுவதும் அந்த ஒற்றை வரியிலிருந்து முளைத்தது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

முதல் மூன்று மாதங்கள் சென்று பார்த்தேன். பிறகு ஒரு வாரம் காய்ச்சல் என்றார்கள், மறுவாரம் உறவினர் வீட்டுத் திருமணம், அதற்கடுத்த வாரம் கைபேசியை யாரும் எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் பேருந்தில் போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிய நாளில் ஒரு முடிவெடுத்தேன். மாதந்தோறும் மகளின் செலவுக்கு அனுப்பிவந்த பணத்தை நிறுத்தினேன். பிள்ளையைக் காட்டாதவர்களுக்குப் பணம் எதற்கு என்பது என் நியாயம். இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை.

வழக்கறிஞர் என்னை உட்காரவைத்து 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தைத் திறந்தார். நம் சமுதாயத்தின் குழந்தை வழக்குகள் இன்றும் அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் காப்பாளர் விவகாரத்தையும் நம் தனியார் சட்டத்துக்கே விட்டிருப்பதால் இரண்டும் சேர்ந்தே படிக்கப்படும். அவர் விரல் வைத்துக் காட்டியது 19ஆம் பிரிவு. தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரையில், பிள்ளையின் நபருக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. போதாதா எனக்கு? ஷரீஅத்தில் நான் வலீ, சட்டத்தில் நான் காப்பாளர். மகளை முழுமையாக என்னிடம் ஒப்படைக்கக் கோரி மனுப் போட்டோம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனுவைத் தாக்கல் செய்ய முடியும் என்பதால் வழக்கு அவர்கள் மாவட்டத்துக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் போயின.

19ஆம் பிரிவுக்கு இரண்டு பிரிவுகள் முன்னால் இருந்த 17ஆம் பிரிவை அன்று நான் கவனிக்கவில்லை. வழக்கறிஞர் சொல்லியிருப்பார், என் காதில் ஏறியிருக்காது. காப்பாளரைத் தீர்மானிக்கும்போது பிள்ளையின் நலனையே நீதிமன்றம் பார்க்க வேண்டும், பிள்ளையின் வயது, பாலினம், மார்க்கம், காப்பாளராக வருபவரின் குணமும் ஆற்றலும், விவரமறிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது அது.

நீதிபதி இடைக்கால உத்தரவு ஒன்று போட்டார். சனிக்கிழமைதோறும் காலை 11 மணி முதல் 1 மணி வரை, நீதிமன்ற வளாகத்திலேயே ஆலோசகர் அறையில் மகளைப் பார்க்கலாம்.

அந்த முதல் சனிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கை உடைந்த பொம்மை ஒன்று. வெளியே வராந்தா பெஞ்சில் மகளின் தாயும் அவருடைய மூத்த சகோதரரும் இருந்தார்கள். அங்கிருந்த ஊழியப் பெண்மணி அன்பானவர். "அப்பாகிட்ட போம்மா" என்று மகளை என் பக்கம் தள்ளிவிட்டார். மகள் திரும்பி வாசலையே பார்த்தாள். அவள் வளரும் ஊரில் அப்பா என்றால் பாட்டனார். தன் பாட்டனாரைத் தேடுகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்மணிக்குப் புரியவில்லை. "அத்தா, அத்தா வந்திருக்கேன்மா" என்றேன். அந்தச் சொல்லை ஆறேழு மாதங்களாக அவள் காதால் கேட்டிருக்கவே மாட்டாள். வாங்கிச் சென்ற பொம்மையைத் தொடவில்லை. இரண்டு மணி நேரமும் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள். மூன்றாவது வாரத்தில்தான் நான் உரித்து வைத்த கமலாப்பழச் சுளை ஒன்றை எடுத்துத் தின்றாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவளை அழைத்துவரவில்லை. உத்தரவு கையில் இருக்கிறது, பிள்ளை வரவில்லை. உத்தரவை மீறினால் மறுபடியும் மனுப் போட வேண்டும், மறுபடியும் வாய்தா. பார்க்கும் உரிமை பற்றிய உத்தரவுகளைப் போடுவது எளிது, நடைமுறைப்படுத்துவது கடினம். இந்த வழியில் சென்ற எந்தத் தகப்பனையும் கேட்டுப் பாருங்கள்.

என் கோபம் அப்போது எல்லை கடந்தது. அவளைச் சேர்த்திருந்த மழலையர் பள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியும். மதியம் 12 மணிக்கு விடுவார்கள் என்பதும் தெரியும். நான் அவளுடைய தகப்பன், என் பிள்ளையை நான் தூக்கிவந்தால் யார் என்ன செய்ய முடியும்? நண்பனின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பெட்ரோல் நிரப்பி வைத்தேன். மறுநாள் சுப்ஹுக்குப் பின் புறப்படத் திட்டம்.

அன்று இஷா தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசலின் பழைய ஹஜ்ரத்திடம் துஆ செய்யுமாறு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, உமர் நாயகத்துக்கும் இது நடந்திருக்கு, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் பதிவு செய்துள்ள செய்தி அது. உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண் ஒருவரை மணந்து, ஆஸிம் என்ற மகன் பிறந்து, பின்னர் மணவிலக்கும் ஆகிவிட்டது. ஒரு நாள் குபாவுக்குச் சென்ற உமர் (ரலி), பள்ளிவாசல் முற்றத்தில் தம் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் இருத்திக்கொண்டார்கள். சிறுவனின் பாட்டி, தாயைப் பெற்ற அன்னை, ஓடிவந்து மறித்தார். பிள்ளைக்காக இருவரும் வாதாடிக்கொண்டே அன்றைய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனார்கள். என் மகன் என்றார் உமர். என் மகன் என்றார் அந்தப் பெண். பிள்ளையை அவரிடமே விட்டுவிடுமாறு அபூபக்ர் (ரலி) தீர்ப்பளித்தார்கள்.

ஹஜ்ரத் அத்தோடு நிறுத்தவில்லை. "அதுக்கப்புறம் உமர் நாயகம் என்ன சொன்னாங்க தெரியுமா தம்பி? ஒண்ணுமே சொல்லலை" என்றார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் அந்த அறிவிப்பு தனியாகக் குறித்துவைத்திருக்கிறது. அந்த ஆஸிமின் மகள் வயிற்றில்தான் பிற்காலத்தில் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பிறந்தார்கள் என்பதையும் ஹஜ்ரத் எழுந்து போகிற போக்கில் சொன்னார்.

மோட்டார் சைக்கிளை மறுநாள் காலையில் நண்பனிடம் திருப்பிக் கொடுத்தேன். மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். என் வாகனத்தையும் அந்த வாகனத்தையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். வலீயாக இருப்பது வேறு, பிள்ளையை மடியில் வைத்து வளர்ப்பது வேறு என்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் எப்போதோ பிரித்துவைத்திருக்கின்றன. முன்னதற்கு விலாயத், பின்னதற்கு ஹளானத் என்று பெயர். சொத்து, கல்வி, திருமணம் ஆகியவற்றில் பொறுப்பு தந்தைக்கு. வளர்ப்பில் முதல் உரிமை தாய்க்கு. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரை, பெண் பிள்ளை பருவமடையும் வரை தாயிடம் இருக்கும். என் மகளின் தாய்வீட்டார் ஷாஃபியீ. அங்கே விவரமறியும் வயது வந்தபின் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மகனைத் தந்தை பறிக்கப் பார்க்கிறார் என்று முறையிட்ட பெண்ணிடம், நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே அவன் மீது அதிக உரிமை என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததை அபூதாவூதில் காணலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் அத்தர் உசேன் வழக்கில், முஸ்லிம் சட்டத்தில் காப்பாளர் நிலையும் பிள்ளையைத் தம்மிடம் வைத்து வளர்ப்பதும் வெவ்வேறு என்று எடுத்துக்காட்டியிருக்கிறது. அந்த வழக்கில் தாய் இறந்துவிட்டார், தந்தை இருந்தார். ஆயினும் இடைக்காலப் பொறுப்பு தாய்வழி உறவினரிடமே விடப்பட்டது.

அப்படியானால் தகப்பனுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2020 ஜனவரியில், என் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் தாய், தந்தை இருவரின் அன்பும் துணையும் பெறுவது குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்றது. பொறுப்பு யாரிடம் இருந்தாலும் மற்றவர் போதிய அளவு பார்க்கவும், முடிந்தால் அன்றாடம் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசவும் வழி செய்ய வேண்டும் என்றது. உரிமை எனக்கு என்று சொல்லவில்லை, குழந்தைக்கு என்றது. கூட்டுப் பொறுப்பு முறையைச் சட்டமாக்கலாம் என்று சட்ட ஆணையம் 2015இலேயே தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது.

முழுப் பொறுப்புக் கோரிக்கையைக் கைவிட்டு, பார்க்கும் உரிமையை மட்டும் விரிவாகக் கேட்டு மனுவைத் திருத்தச் சொன்னேன். வழக்கறிஞருக்கு விருப்பமில்லை. நிறுத்திவைத்திருந்த ஏழு மாதப் பணத்தைக் கடன் வாங்கி ஒரே தவணையில் வங்கியில் போட்டேன். பிள்ளையின் செலவு தந்தை மீது கடமை. பிள்ளையைக் காட்டாவிட்டாலும் அந்தக் கடமை விழுவதில்லை. பிள்ளையைக் காட்டுவதும் அப்படியே, பணம் வராவிட்டாலும் மறுக்கலாகாது. இரண்டையும் பண்டமாற்றாக்கியதில் எங்கள் இரு தரப்புக்கும் பங்குண்டு.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நீதிமன்றம் மூடப்பட்டது, பேருந்தும் இல்லை. இனி ஒரு வருடத்துக்கு அவளைப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்த ஒரு மாலையில் காணொளி அழைப்பு வந்தது. அழைத்தது அவளுடைய தாய். கைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். பத்து நிமிடம். பெரும்பாலும் அவள் வீட்டுப் பூனையைத்தான் காட்டினாள். மறுநாளும் அழைப்பு வந்தது.

வழக்கு முடிந்த விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமரசத்தில் முடிந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் காலை 10 முதல் மாலை 5 வரை, கோடை விடுமுறையில் பாதி, இரண்டு பெருநாட்களில் ஒன்று என்னிடம், தினமும் மாலையில் பத்து நிமிடப் பேச்சு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் பணம். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. என்னிடம் வந்த இளைஞர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்: குலாவோ தலாக்கோ, ஜமாஅத்தில் காகிதம் எழுதும்போதே நாளையும் மணியையும் இடத்தையும் எழுதுங்கள், நகைக்கு அடுத்த பக்கத்திலாவது பிள்ளைக்கு இடம் கொடுங்கள். நீதிமன்றம் போகத்தான் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் முதலிலேயே இடைக்கால உத்தரவு கேளுங்கள், 12ஆம் பிரிவில் அதற்கு வழி உண்டு. பிள்ளைக்குச் செய்யும் செலவை வங்கி வழியாகச் செய்யுங்கள். ஒருவன் முகம் சுருங்கிப்போனது. அவன் எதிர்பார்த்து வந்த பதில் இதுவல்ல.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சென்ற சனிக்கிழமை மாலை அவளைத் திரும்பக் கொண்டுவிடப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது, பையைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவம். கீழே தந்தை அல்லது காப்பாளர் கையொப்பம் என்று ஒரு கோடு.

"உம்மா போட்டாலே போதுமே" என்றேன்.

"உம்மாதான் அத்தாகிட்ட வாங்கச் சொன்னாங்க" என்றாள்.

பேனா அவளே கொடுத்தாள். பச்சை மை. பள்ளியில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டேன். அதையும் உம்மா விசாரித்துவிட்டார்களாம், பரவாயில்லையாம். பெஞ்சில் அவளுடைய கணக்குப் புத்தகத்தை அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேருந்து வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.