மண்ணெண்ணெய்யும் மகளின் படிப்பும்



என் பெற்றோர் திகனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 கலவரத்தின் பின் கிளிநொச்சிக்குப் போனவர்கள். நான் பிறந்ததும் மணம் முடித்ததும் அங்கேதான். 2009 இல் கணவரை இழந்தேன். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்ததும், மூன்று வயது மகளுடன் திகனையில் இருந்த மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்று முதல் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே பிழைக்கிறேன்.

2021 ஒக்டோபரில் காஸ் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயானது. அப்போது மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறினேன். 2022 இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். வரிசையில் நின்றாவது வாங்கிவிடுவேன்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி விடிந்தபோது அதன் விலை 340 ரூபாய்! இனி நட்டத்துக்கு விற்க முடியாது, வறிய குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரப்படும் என்றார்கள். எனக்கு மாதம் 15 லீற்றர் வேண்டும். 1,305 ரூபாய்ச் செலவு 5,100 ரூபாயாகிவிட்டது. இடியப்பத்தின் விலையை அப்படி உயர்த்தினால் யார் வாங்குவார்கள்?

விறகுக்கு மாறினேன். ஈர விறகின் புகையில் இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், பின்னேர வகுப்பை விட்டுவிட்டு விறகு பொறுக்கப் போனாள்.

"நீங்க இருமுறீங்கம்மா, நான் போறேன்" என்பாள்.

ஒருநாள் அவளுடைய கையிலிருந்த கீறல்களைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவள் நான். அவளுடைய வயதில்தான் விறகுக்குப் போய்ப் படிப்பை விட்டேன். அன்று தடை செய்ததை இன்று விலை செய்யப் பார்த்தது.

அன்றே பக்கத்து வீட்டு அக்காமார் இருவருடன் பேசினேன். மூவரும் சேர்ந்து மரத்தூள் அடுப்பு ஒன்று செய்தோம். பழைய தகர வாளியின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிலும் காய்ந்த மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை உருவிவிட்டுக் கீழிருந்து பற்றவைக்க வேண்டும். மணிக்கணக்கில் எரியும். முதலில் என் இடியப்பம், பிறகு மூன்று வீட்டுச் சமையல். மகள் வகுப்புக்குத் திரும்பினாள். 2023 இல் பரீட்சையும் எழுதினாள்.

அஸ்வெசும உதவி 2023 இல்தான் தொடங்கியது. எனக்கு மாதம் 8,500 ரூபாய் கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் விலை ஏறியது ஒரே இரவில், உதவி வந்தது ஓராண்டின் பின். இடைப்பட்ட காலத்தை இட்டு நிரப்பியது எங்கள் உழைப்பும் பிள்ளைகளின் படிப்பு நேரமும்தான்.

ஆகவே சகோதரிகளே, மானியம் ஒன்று நிற்கப்போகிறது என்றால், பதிலுதவி எந்தத் திகதியில் வரும் என்று கேளுங்கள். எரிபொருட் செலவை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, மாதர் சங்கக் கூட்டத்தில் காட்டுங்கள். அடுப்பைப் பங்கிடுங்கள். பிள்ளையின் படிப்பை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.