ஒண்டுக் குடித்தனம்

ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்து பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். சுவர் எங்கே என்று தெரியாதபோதுதான் சண்டை வருகிறது. கிணறு பொது, வாசல் பொது, அடுப்படி மட்டும் தனித்தனி என்று முதலிலேயே பேசிக்கொண்டால், முப்பது வருஷமானாலும் முகம் சுளிக்காமல் காலம் தள்ளிவிடலாம்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு குடித்தனம் உண்டு. ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாகத்தில் விண்டோஸ், மறு பாகத்தில் லினக்ஸ். இயந்திரத்தை முடுக்கியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா காக்களூரில் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஆரம்ப வருஷங்களில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் குடியிருந்தது.

திருத்தணியில் என் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டர் பழையது. அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. பழுது பார்ப்பவர், "எல்லாத்தையும் அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுடலாம்" என்றார். தங்கை சம்மதிக்கவில்லை.

காரணம் உண்டு. மாப்பிள்ளை காலமாகி இரண்டு வருஷம். அவருடைய கடைக் கணக்கு முழுதும் விண்டோஸில் மட்டுமே திறக்கும் ஒரு புரோகிராமில் இருந்தது. திருத்தணிக்காரர்களின் பாக்கியும் நகரிக்காரர்களின் பாக்கியும் அதற்குள்தான். குறிப்புக் கட்டத்தில், தமிழில் பாதி, தெலுங்கில் பாதியாக, அவர் தட்டியிருந்த வார்த்தைகள். சில பெயர்களுக்கு எதிரே 'கேட்க வேண்டாம்' என்று மட்டும் இருந்தது.

"அழிக்க வேண்டாம் மாமா, கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொன்னா போதும்" என்றான் கல்லூரியில் படிக்கும் மருமகன்.

முதலில் எல்லாவற்றையும் வெளியே வேறொரு டிஸ்கில் நகல் எடுத்தான். சுவர் எடுக்கும்போது கூரைக்கு முட்டுக் கொடுப்பதில்லையா, அப்படி! பிறகு விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பாகத்தைச் சுருக்கினான். காலியாக இருந்தது 300 ஜி.பி.; விட்டுக் கொடுத்தது 120. அசைக்க முடியாத சில கோப்புகள் நடுக்கூடத்து இரும்புப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தன. இன்னொரு ஜாக்கிரதையும் உண்டு. அணைத்தால்கூட விண்டோஸ் முழுக்கத் தூங்காமல் அரைக்கண் மூடியிருக்குமாம், அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்க. அந்த நேரத்தில் லினக்ஸ் அதன் பாகத்தில் எழுதினால் கோப்புகள் கெட்டுப் போகலாம். அந்த வசதியை நிறுத்தினான். லினக்ஸை நிறுவும்போது, முழு டிஸ்கையும் அழிக்கவா என்று கேட்கும் இடத்தை இரண்டு தரம் படித்து, காலி இடத்தை மட்டும் காட்டினான்.

மறுநாள் விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. இயந்திரக் கடிகாரத்தை விண்டோஸ் நம் ஊர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் பாவிக்கின்றனவாம். ஊர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை, தகராறு தீர்ந்தது.

கோடு போடுவதன் சங்கடம் இந்த ஊருக்குத் தெரியாததல்ல. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. மாறியது சர்க்கார், கடைத்தெருவில் இரண்டு பாஷையும் இருந்தபடியே இருந்தன. மாப்பிள்ளையின் குறிப்புக் கட்டமே அதற்குச் சாட்சி.

லினக்ஸால் விண்டோஸின் பாகத்தைத் திறந்து படிக்க முடிகிறது. விண்டோஸுக்கு லினக்ஸின் எழுத்து தானாகப் புரிவதில்லை. பின்னால் குடி வந்தவன்தான் பழைய குடித்தனக்காரரின் பாஷையையும் கற்றுக்கொண்டு வருகிறான் போலும்.

மருமகன் படிப்பதும் எழுதுவதும் இப்போது லினக்ஸில். விண்டோஸுக்கு இணையத்தைத் துண்டித்துவிட்டான். மாதம் ஒரு தரம் தங்கை அதைத் திறக்கிறாள். வந்த பாக்கியை வரவு வைக்கிறாள். 'கேட்க வேண்டாம்' என்றிருக்கும் பெயர்களிடம் இன்றுவரை அவள் கேட்கவில்லை.